அக்னித் தலத்தின் கோடைக் காவல்

பஞ்சபூதத் தலங்களுள் அக்னிக்கு உரியது திருவண்ணாமலை. அடிமுடி காணவொண்ணாத சோதிப் பிழம்பாய் நின்ற பெருமான், அயனும் மாலும் வேண்டிக்கொள்ள மலையாகக் குளிர்ந்தருளினார் என்பது தல வரலாறு. கிருத யுகத்தில் நெருப்பாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபர யுகத்தில் பொன்னாகவும் விளங்கிய இம்மலை, கலியுகத்தில் கல்லாகக் காட்சி தருகிறது. அடியார்கள் அஞ்சாது அணுகி வலம் வருவதற்காகவே பெருமான் தம் வெம்மையைத் தணித்துக்கொண்டார் என்பர் பெரியோர்.

அவ்வாறு குளிர்ந்த மலையில், மாசி பிறந்தால் ஆங்காங்கே தீ எழுகிறது. கார்த்திகைத் திருநாளில் 2,668 அடி உயரச் சிகரத்தில் பருவதராஜ குலத்தவர் ஏற்றும் மகாதீபம் 11 நாட்கள் கொப்பரைக்குள் அடங்கி நின்று ஒளிர்வது. கோடையில் எழும் தீயோ எல்லை அறியாதது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவெங்கும் ஆளுயரத்துக்குப் புல் வளர்கிறது. பங்குனி வெயிலில் அது சருகாக உலர்ந்து நிற்கிறது. அணைக்காமல் எறிந்த பீடித் துண்டு ஒன்றே போதும். வழியோரத்தில் ஏற்றிவிட்டுப் போன கற்பூரமும் போதும். சூடான காற்று மேல்நோக்கி எழுவதால், தனக்கு மேலுள்ள புல்லை முன்னதாகவே காயவைத்துக்கொண்டு தீ விரைந்து மலையேறும். அடிவாரத்துத் தெருக்களில் வசிப்போர் இரவில் வாசலில் நின்று பார்த்தால், மலையின் மேனியில் செந்நிற மாலை சாத்தியதுபோல் தோன்றும். தூரத்து ஊர்களில் அதனைக் கண்டு கைகூப்புவோரும் உண்டு. அருகில் இருப்போர்க்கு அது கவலையின் இரவு.

ஒரு காலத்தில் மரமின்றிக் கிடந்த சரிவுகளில், 1980-களின் பிற்பகுதி முதல் அன்பர்கள் கன்றுகளை நட்டு வருகின்றனர். புல் ஒரே மழையில் மீண்டும் தழைத்துவிடும். கன்று அவ்வாறன்று; பல ஆண்டுகள் நீர் சுமந்து வளர்த்தது ஒரே இரவில் கருகும். வேர் பிடிக்காத மண்ணை மழை அரித்துச் செல்லும். சுனைகளில் ஊற வேண்டிய நீர் நில்லாமல் ஓடிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் இம்மலையில் மண் சரிந்து, அடிவாரத்தில் ஏழு உயிர்கள் மாண்ட துயரத்தை ஊரார் மறக்கவில்லை. அது பெருமழையால் நேர்ந்தது. ஆயினும், மலையின் மண்ணை அதன் இடத்தில் நிறுத்துவது எத்துணை இன்றியமையாதது என்பதை அன்று அனைவரும் உணர்ந்தனர்.

ஆகவே கோடைக்கு முன்பே தொண்டர்கள் சரிவுகளில் அகலமான பட்டைகளாகப் புல்லை அறுத்து, தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். புகை தெரிந்தால் வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் இளைஞர்களும் விரைகின்றனர். தண்ணீர் வண்டி ஏற இயலாத பாறைச் சரிவில், பச்சைத் தழைக் கொத்தே ஆயுதம். அதைக் கொண்டு தீயின் ஓரத்தை அடித்து அடித்து அணைக்கின்றனர். விடியும்போது முகமெல்லாம் கரி படிய இறங்கிவருகின்றனர்.

இத்தொண்டில் யாத்திரிகர்க்கும் பங்கு உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எண்திசைக்கும் உரிய எட்டு லிங்க சந்நிதிகள் உள்ளன. தீபமும் கற்பூரமும் அச்சந்நிதிகளில், அதற்குரிய இடத்தில் மட்டும் ஏற்றத் தக்கவை. காட்டோரத்தில், மரத்தடியில், பாறை இடுக்கில் ஏற்றுதல் ஆகாது. வனத்துறையின் அனுமதியின்றி மலையேறுதலும் கூடாது. சரிவில் புகை கண்டால், கடந்து போகாமல் 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவிப்பது கடமை.

பகவான் ரமணர் 1899 முதல் 1922 வரை விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலுமாக இம்மலை மீதே வாழ்ந்தார். இம்மலையையே சிவமெனக் கண்டவர் அவர். அடியார்க்கு மலையே லிங்கத் திருமேனி என்றால், அதன் மேல் தளிர்க்கும் ஒவ்வொரு கன்றும் சாத்திய பச்சிலையே. அதனைக் கருகாமல் காப்பதும் ஓர் அர்ச்சனை. அண்ணாமலையார் திருவருளால் இக்கோடையும் குளிர்ந்து கழியட்டும்.