வான்கோழிக் கணக்கு

உங்களுக்கு ஒரு புதிர். இங்கிலீஷ்காரர்கள் இதற்குத் துருக்கி தேசத்தின் பெயரை வைத்தார்கள். துருக்கிக்காரர்களோ 'ஹிந்தி' என்கிறார்கள். அதாவது, இந்தியாவிலிருந்து வந்ததாம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயருக்கும் இந்தியாவிலிருந்து வந்தது என்றுதான் அர்த்தம். டச்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஊரையே சொல்லிவிட்டார்கள். அவர்கள் வைத்த பெயரில் இருப்பது நம்ம கோழிக்கோடு! போர்த்துக்கீசியர்களுக்கு அது பெரு.

விடை, வான்கோழி. ஆளாளுக்கு அடுத்தவன் ஊர் என்று கை காட்டினார்களே தவிர, சொந்த ஊரை ஒருத்தரும் சொல்லவில்லை. சொந்த ஊர் மெக்சிகோ. 1500-களின் ஆரம்பத்தில் ஸ்பெயின்காரர்களின் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது.

'இருங்க சார், நம்ம ஔவையார் மூதுரையிலேயே வான்கோழி வருதே' என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. காட்டு மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் சிறகை விரித்ததே, அது அமெரிக்கக் கோழியாக இருக்க வழியில்லை. மூதுரைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காலம் அதற்குப் பல நூற்றாண்டு முந்தையது. ஏதோ ஒரு பறவையின் பெயரைப் பின்னால் வந்தவருக்குச் சூட்டிவிட்டோம்.

இந்தப் பறவை 1612-ல் கோவா வழியாக ஜஹாங்கீர் அரண்மனைக்குப் போனது. பேரரசர் அசந்துபோய், அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறும் அழகைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அரண்மனை ஓவியர் மன்சூர் வரைந்த அந்தப் படம் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நமக்குச் சொந்தம் என்று நினைக்கிற மிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். அதையும் இங்கே கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள்தான். வான்கோழியும் மிளகாயும் ஒரே ஊர்க்காரர்கள். ஆனால், வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு வான்கோழியை உப்பும் வெண்ணெயும் மட்டும் தடவி வாட்டுகிறார்கள். நம்ம நாக்குக்கு அது ஆஸ்பத்திரி சாப்பாடு.

மிளகாயும் வான்கோழியும் மறுபடி ஜோடி சேர்ந்த இடம் அமெரிக்காவின் லூசியானா. கனடாவின் கிழக்குக் கரையில் அகேடியர்கள் என்று பிரெஞ்சு பேசும் குடியானவர்கள் இருந்தார்கள். 1755-லிருந்து ஆங்கிலேயர்கள் அவர்களை வீடு, வயலைப் பறித்துக் கப்பலேற்றித் துரத்தினார்கள். அலைந்து திரிந்து ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் ஒதுங்கினார்கள். அகேடியன் என்ற சொல் தேய்ந்து 'கேஜன்' ஆனது. கிடைத்த இறால், நண்டு, மீன், மிளகாய் எல்லாம் போட்டு ஒரு சமையலை உண்டாக்கினார்கள். 1980-களில் பால் ப்ருதோம் என்கிற சமையல்காரர் அதை உலகத்துக்கே தெரியவைத்தார்.

இறால் படகு, கழிமுகம், பக்கத்திலேயே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, புகைபோக்கி... எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? எங்க எண்ணூர்தான்!

நான் திருவொற்றியூர்வாசி. கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் ஒருத்தர் இருக்கிறார். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்குப் போனபோது ஒரு டப்பா கேஜன் மசாலா வாங்கி வந்தார். ராயபுரம் ஆன்ட்டிதான் அதை முகர்ந்து பார்த்து, "இது வான்கோழிக்குன்னே செஞ்சது மேன்" என்றார்.

ஆன்ட்டி ஆங்கிலோ இந்தியர். பிள்ளைகள் எல்லாம் மெல்போர்னில். அவர் அப்பா ரயில்வே. 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லும்போது, சொந்த வீட்டைச் சொல்வது போலத்தான் சொல்வார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆனால், ஆன்ட்டி வீட்டில் சாப்பிடாத கிறிஸ்துமஸும் கிடையாது. அவர் சின்ன வயசில், பெரிய தேக்சாவில் வான்கோழியை வைத்து, மூடி மேலேயும் நெருப்புக் கங்கு போட்டு வாட்டுவார்களாம். "இப்ப அந்த தேக்சாவைத் தூக்கவே நாலு பேர் வேணும். எல்லாரும் ஆஸ்திரேலியா போயிட்டாங்க" என்று சிரிப்பார்.

நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு போட்டுப் பார்க்கிற புத்தி. 2023 டிசம்பரில் ஒரு வான்கோழியை வாட்டுவது என்று முடிவானதும் கணக்கு நோட்டை எடுத்தேன்.

முதல் செலவு, பறவை. மீஞ்சூர் தாண்டி ஒரு பண்ணையில் பெட்டைக்கோழி வாங்கினேன். உயிரோடு 6 கிலோ, சுத்தம் செய்தபின் நாலரை கிலோ. வளர்ப்பது சுலபம் இல்லை என்றார் பண்ணைக்காரர். 28 நாள் அடைகாத்துப் பொரிந்து வரும் குஞ்சுக்குத் தீனி எது என்றே தெரியாதாம். தீனித் தட்டிலும் தண்ணீரிலும் கலர் கோலிக்குண்டு போட்டு வைப்பார்களாம். பளபளப்பைக் கொத்தப் போய், தீனியைக் கண்டுபிடித்துக்கொள்ளுமாம்.

அடுத்தது உப்புத்தண்ணீர். வான்கோழியின் நெஞ்சுக் கறி சீக்கிரம் வெந்துவிடும். தொடை நேரம் எடுக்கும். தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு பஞ்சாகிவிடும். அதற்குத்தான் முதல் நாளே உப்புத்தண்ணீரில் ஊறப்போடுவது. உப்பு உள்ளே இறங்கிச் சதையைத் தளர்த்திவிடும். அடுப்பில் வைத்தாலும் ஈரத்தை விடாது. லிட்டருக்கு 60 கிராம் உப்பு. 6 லிட்டருக்கு 360 கிராம். 12 மணி நேரம் ஊற வேண்டும்.

ஆனால், அந்த 12 மணி நேரமும் ஜில்லென்று இருக்க வேண்டும். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜில் அவ்வளவு பெரிய வாளி எங்கே நுழையும்? மீன் ஐஸ் பெட்டி இருந்தால் காரியம் முடிந்தது. எண்ணூர் குப்பத்தில் என் பள்ளிக்கூட நண்பன் இருக்கிறான். மூன்று தலைமுறையாகக் கழிமுகத்தில் மீன் பிடிக்கிற குடும்பம். டிசம்பர் என்றால் அந்தப் பெட்டி காலியாக இருக்காது. 'எப்படிக் கேட்பது?' என்று யோசித்துக்கொண்டேதான் போனேன்.

பெட்டி காலியாக இருந்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல் மழை. மணலிப் பக்கமிருந்து வந்த வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்து கொசஸ்தலை ஆறு, எண்ணூர் கழிமுகம் எல்லாம் கறுத்துப்போனது. வலை கறுப்பு, படகு கறுப்பு, வீட்டுச் சுவர் இடுப்பளவு கறுப்பு. மீனவர்களே பக்கெட்டால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றியதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். தப்பிப் பிழைத்த மீனையும் வாங்க ஆள் இல்லை. எண்ணூர் மீன் என்றாலே சந்தையில் முகம் திருப்பினார்கள்.

ஐஸ் பெட்டிக்கு வாடகை தருகிறேன் என்றேன். முறைத்தான். "இன்னாத்துக்குக் காசு? சும்மாதானே கீது. எத்துக்கினு போ" என்றான். கையில் பணம் கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டான். ஆனால், "கிறிஸ்துமஸ் அன்னிக்கு எல்லாரும் வரணும். பெட்டி உன்னுது, அதனால கறியிலயும் உனக்குப் பங்கு இருக்கு" என்றதும், கொஞ்சம் யோசித்துச் சரி என்றான். பங்கு என்பது அவர்கள் தொழிலின் சொல். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அதில் தர்மம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மசாலாவை ஆன்ட்டி பார்த்துக்கொண்டார். டப்பா பாதிதான் இருந்தது. மீதிக்கு நம்ம கடைச் சரக்கு. காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு மேஜைக்கரண்டி, குண்டு மிளகாய்த்தூள் ஒன்று, மிளகுத்தூள் ஒன்று, பூண்டுத்தூள் ஒன்று, வெங்காயத்தூள் ஒன்று. கேஜன் மசாலாவில் தைம் என்று ஒரு இலை வரும். அதற்குப் பதில் அரை டீஸ்பூன் ஓமம் நுணுக்கிப் போட்டார். அந்த இலைக்கும் ஓமத்துக்கும் வாசனை தருவது தைமால் என்கிற ஒரே பொருள்தான். இது ஆன்ட்டிக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரிந்திருக்கிறது! உப்பு போடவே கூடாது. அது ஏற்கெனவே உள்ளே போயாச்சு.

உப்புத்தண்ணீரிலிருந்து எடுத்த பறவையைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, 200 கிராம் வெண்ணெயில் மசாலாவைக் குழைத்துத் தோலுக்கு மேலே மட்டுமல்ல, தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை விட்டுத் தடவ வேண்டும். வயிற்றுக்குள் வெங்காயம், எலுமிச்சை, முழுப் பூண்டு. அவ்வளவுதான்.

அடுப்பு? ராயபுரத்தில் ஒரு பழைய பேக்கரி, விறகு அடுப்பு. கிறிஸ்துமஸ் நேரத்தில் அக்கம்பக்கத்து வீட்டுக் கேக் மாவெல்லாம் அங்கேதான் வேகும். "காலை ரொட்டி இறங்கினப்புறம் ஏழரை மணிக்குக் கொண்டாங்க" என்றார் பேக்கரி அண்ணன். ரொட்டி வெந்து முடிந்த அடுப்பில், மெதுவாகத் தணிகிற சூடு மிச்சம் இருக்கும். வான்கோழிக்கு அதைவிட என்ன வேண்டும்?

முதல் முக்கால் மணி நேரத்தில் தோல் செம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. உடனே நெஞ்சை மட்டும் அலுமினியத் தாளால் மூடினோம். மொத்தம் 3 மணி நேரம். தொடையின் சதைப்பிடிப்பான இடத்தில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். காட்டியது. அண்ணன் அதை நம்பவில்லை. கத்தியால் குத்தி, வடிந்த சாறு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் தலையாட்டினார். வெளியே எடுத்ததும் வெட்டக் கூடாது. அரை மணி நேரம் சும்மா விட்டால் சாறு சதைக்குள்ளேயே தங்கும். கூலி கேட்டேன். "ஒரு கால்" என்றார்!

ஆக, ஐந்தொகை இப்படி: பறவை என்னுடையது. பெட்டி நண்பனுடையது. மசாலா மச்சானுடையது. அடுப்பு அண்ணனுடையது. கை பக்குவம் ஆன்ட்டியுடையது. ஒரு கால் போக மீதியை ஆன்ட்டி வீட்டில் 14 பேர் சாப்பிட்டோம். நண்பனின் மகள் முதலில் முகர்ந்து பார்த்தாள். அப்புறம் இரண்டாம் முறை கேட்டாள். தோல் மொறுமொறு, உள்ளே சாறு, காரம் மெதுவாக வந்து காதில் ஏறியது. "எங்க அப்பா இருந்தா உன்னை லோகோ ஷெட்ல வேலைக்கு எடுத்திருப்பார்" என்று பேக்கரி அண்ணனுக்கு சர்ட்டிஃபிகேட் கொடுத்தார் ஆன்ட்டி. மெல்போர்னுக்கு வீடியோ காலில் எலும்பைக்கூடக் காட்டினார்.

மீந்த எலும்பையும் கறியையும் நான் வீட்டுக்குக் கொண்டு வந்து மறுநாள் பெரிய பானையில் குழம்பு வைத்தேன். "இவ்வளவு யார் சாப்பிடுறது?" என்று வீட்டில் கேட்டார்கள். அன்று, 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சு முட்டல். பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நண்பன், மனைவி, மகள், அம்மா, பக்கத்து வீட்டார் மூன்று பேர். ஈரத்துணியை முகத்தில் கட்டியபடி நின்றார்கள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, மூச்சு சீரானபின் ஒருத்தரும் எதுவும் பேசவில்லை. விடிகிற நேரத்தில் அந்தப் பெண்தான், "அங்கிள், அந்தக் கோழி மிச்சம் இருக்கா?" என்றாள். சோறு வடித்தோம். குழம்பு ஏழு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

நீங்களும் இந்த டிசம்பரில் ஒன்று வாட்டிப் பாருங்கள். நவம்பரிலேயே பண்ணையில் சொல்லிவையுங்கள். பேக்கரிக்காரரிடம் நேரம் கேட்டு, அடுப்பு வாய் எத்தனை அகலம் என்று அளந்துகொள்ளுங்கள். மீன் பிடிக்கிற குடும்பம் தெரிந்தால் ஐஸ் பெட்டி கேளுங்கள். காசு என்று பேச்செடுக்காதீர்கள், பங்கு என்று சொல்லுங்கள்.