ஒரு கதவும் ஒரு கண்காட்சியும்

பிப்ரவரி 12, 2025, புதன்

மார்ச் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி பில்டரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. மந்தைவெளியில் பழைய அடுக்ககங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இப்போது எங்கள் முறை. புதுக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, ஆளுக்குக் கொஞ்சம் கூடுதல் சதுர அடியும் உண்டு. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால் புலம்பப் போவதில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

என் கவலை பின்பக்கத்து பால்கனி. வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு நான் தச்சு வேலை பழகிய இடம். இழைப்புளி, உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவில் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. அடையாறில் பார்த்திருக்கும் வாடகை வீட்டில் பால்கனி கிடையாது.

அப்புறம் கதவுகள். இந்த மனையில் முன்பு தாத்தாவின் ஓட்டு வீடு இருந்தது. அதை இடித்தபோது அவர் அடம்பிடித்து, இரண்டு தேக்குக் கதவுகளை எங்கள் பகுதியில் மாட்ட வைத்தார். ஏற்கெனவே ஓர் இடிப்பைப் பார்த்த கதவுகள்.

பிப்ரவரி 13

புது வீட்டின் விவரத் தாளைப் படித்தேன். உள் கதவுகள்: ஃபிளஷ் டோர், மேலே லேமினேட். ஒரே வரி.

பிப்ரவரி 19, புதன்

மார்ச் 6 முதல் 9 வரை பெங்களூரில் இந்தியாவுட். மரவேலை இயந்திரங்கள், பலகைகள், கீல்கள், பசைகள் எல்லாவற்றுக்குமான வணிகக் கண்காட்சி. பெயரில் மரம் இருக்கிறதே என்று ஆசை வந்துவிட்டது. பதிவுப் படிவம் நிறுவனத்தின் பெயரைக் கேட்டது, பதவியைக் கேட்டது. வீட்டுப் பெயரையே நிறுவனமாக்கி, பதவியில் ‘உரிமையாளர்’ என்று போட்டேன். இன்னும் ஒரு மாதத்துக்கு அது உண்மைதானே.

மார்ச் 2, ஞாயிறு

“வீட்டையே மூட்டை கட்டணும். நீ ரம்பம் பாக்க பெங்களூர் போறியா?” என்றார் என் கணவர். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காரர்கள் நடத்தும் அக்மி கண்காட்சியை இந்த மனிதர் ஒரு தடவைகூட விட்டதில்லை. இரும்பு கடையும் லேத்துகளைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டில் ஒரு ஸ்பேனர்கூட உருப்படியாக இல்லை. அதைச் சொன்னேன். ராத்திரி சாப்பாடு வரை பேச்சு இல்லை. பிறகு ரயில் டிக்கெட்டை அவரே போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 7, வெள்ளி, ராஜாஜிநகர், அக்கா வீடு

கால் இரண்டும் கெஞ்சுகின்றன. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் பச்சைத் தடத்து மெட்ரோ. கடைசி நிலையம் மாதாவரா, கண்காட்சி மையத்தை ஒட்டியே இருக்கிறது. போன நவம்பர் வரை நாகசந்திராவோடு ரயில் நின்றுவிடுமாம். அங்கிருந்து ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை என்றாள் அக்கா.

உள்ளே நுழைந்ததும் ஹோமாக், பியெஸ்ஸே, எஸ்சிஎம் என்று ஜெர்மனி, இத்தாலிப் பெயர்கள். எட்டுக்கு நாலு அடிப் பலகையை ஒரு இயந்திரம் இழுத்து அறுக்கிறது. இன்னொன்று அந்தத் துண்டின் விளிம்பில் சூடான பசை தடவி, பட்டையை ஒட்டி, மிச்சத்தைச் சீவி, மெருகும் போட்டு வெளியே தள்ளுகிறது. நான் ஒரு விளிம்பை இழைத்து முடிக்க ஒரு பொழுது ஆகும்.

“மேடம் ஆர்க்கிடெக்டா?”

“இல்லை.”

“ஃபேக்டரி எங்கே?”

“மந்தைவெளி.”

“எத்தனை பேர் வேலை செய்யறாங்க?”

“நான் மட்டும்.”

பையன் சிரிக்கவில்லை, நல்ல வளர்ப்பு. த்ரீ ஃபேஸ் 415 வோல்ட் வேண்டும், கம்ப்ரஸர் வேண்டும், தூசி உறிஞ்சத் தனி இயந்திரம் வேண்டும் என்று பொறுமையாக விளக்கினான். என் பால்கனியில் இருப்பது ஐந்து ஆம்பியர் பிளக் ஒன்று.

ஒரு பக்கம் ஃபிளஷ் கதவுகள் சாய்ந்திருந்தன. பைக்குள் கிடந்த மூலைமட்டத்தை எடுத்து, யாரும் பார்க்காதபோது ஒரு மூலையில் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகில்லை. நான் செய்த முக்காலி ஒன்றுகூட இவ்வளவு நேராக நின்றதில்லை. அரை மணி நேரம் எதையும் பார்க்கப் பிடிக்காமல் காபி குடித்தேன்.

கீல் அரங்குகளில்தான் கூட்டம். ஹெட்டிக், ஹேஃபலே. நரைத்த மனிதர்களெல்லாம் இழுப்பறையைத் தள்ளிவிட்டு, அது சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நானும்தான்.

மரம் மரமாகவே இருந்த இடம் கனடா அரங்கு. டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக், சிடார் என்று உள்ளங்கையளவு மாதிரிகள். முகர்ந்து பார்த்தேன், நகத்தால் கீறிப் பார்த்தேன். “ஒரு பலகை கிடைக்குமா?” என்றேன். “கன்டெய்னர் கணக்கு மேடம். சில்லறைக்கு இறக்குமதியாளரைத்தான் கேட்கணும்.”

மூன்று மணிக்கு மேல், கடைசி ஓரத்தில், கைக்கருவிகள் வைத்திருந்த ஒரு சின்ன அரங்கு. அங்கே நின்றிருந்தவர் கேரளத்து இளைஞர். கூட்டமில்லாததால் ஓர் உளியை என் கையில் கொடுத்து, “சேச்சி தீட்டுங்க” என்றார். தீட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, என் இரண்டு மணிக்கட்டையும் பூட்டி நிறுத்தச் சொன்னார். கல்லில் இழுக்கும்போது கோணம் மாறவே கூடாது. பின்பக்கத்தை விரலால் தடவினால் ஓரம் முழுக்க மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும், அதுவரை பக்கம் மாற்றக் கூடாது. பிறகு பின்பக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்துப் பிசிறை எடுத்துவிட வேண்டும். யூடியூபில் பார்த்ததுதான். ஆனால் யூடியூப் மணிக்கட்டைப் பிடிக்காது.

மல்லேசுவரத்தில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மரங்களை அடையாளம் காண அங்கே குறும்பயிற்சி நடத்துகிறார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

மார்ச் 9

ஒரு பை நிறைய விளம்பரத் தாள். வாங்கியது ஒன்றுமில்லை. எதற்குப் போனேன்?

மார்ச் 16, ஞாயிறு

பழைய மரக் கடைக்காரர் வந்தார். கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு விலை. இரண்டு கதவுகளை மட்டும் தர முடியாது என்றேன். “அதுக்குத்தாம்மா இந்த விலையே” என்று முகத்தைச் சுளித்தார். வாக்குவாதம் செய்து, தொகை பாதியானதும் ஒப்புக்கொண்டோம்.

கழற்ற வந்த ஆசாரிக்கு எழுபது வயதிருக்கும். கதவின் மூலையில் சுண்ணாம்பைச் சுரண்டி, உள்ளே இருந்த மூங்கில் ஆணியைக் காட்டினார். அதைத் தட்டி வெளியே எடுத்தார். நாலு மூலையும் முடிந்ததும் சட்டங்களைச் சற்றே அசைத்தார். துளையிலிருந்து கழுந்து வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு முழுசும் பிரிந்து தரையில் கிடக்கிறது, ஒரு கீறல் இல்லை.

“இரும்பாணி அடிச்சு பசை போட்டிருந்தா பொளக்கத்தான் முடியும். இது திரும்பக் கோக்கறதுக்குன்னே பண்ணது.”

“என்ன மரம் ஐயா?”

“பர்மாம்மா. இப்ப எங்க வருது?”

மியான்மர் 2014 ஏப்ரலில் தேக்கை அறுக்காத உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அவருக்கு ஆண்டு தெரியாது, சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் மரம் மாறிப்போனது தெரியும்.

இரண்டாவது கதவுக்கு அவருடைய உளி மழுங்கிவிட்டது. என்னுடையதைக் கொடுத்தேன். கட்டை விரலால் அலகைத் தொட்டுப் பார்த்தார்.

“யாரு தீட்டினது?”

“நான்தான்.”

வேறொன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வரை அதைத் திருப்பித் தரவும் இல்லை.

மார்ச் 30

அடையாறு. கட்டிலுக்கு அடியில் இரண்டு கதவுகள், துண்டு துண்டாக, சணல் கயிற்றில் கட்டி. கருவிப் பெட்டி சமையலறையில்.

ஏப்ரல் 9, புதன்

கபாலீசுவரர் தேர். மெட்ரோ தோண்டிய பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு மாட வீதிக்குள் போய்ச் சேர்ந்தோம். எல்லாரும் சுவாமியைப் பார்க்க, நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் குனிந்தபடியே சக்கரத்தோடு நடக்கிறார்கள். கட்டையைக் கொடுக்கும் கோணத்தில்தான் தேர் திரும்புகிறது. இந்தக் கட்டையை எந்த அரங்கிலும் பார்க்கவில்லை. கணவருக்கு வெயில் தாங்கவில்லை, சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

புது வீட்டுத் தலைவாசலுக்குப் பழைய கதவை வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் என்று பில்டர் அலுவலகத்தில் சொல்கிறார்கள். உள் அறைக்கு வைக்கலாமா என்றதற்குப் பதில் இல்லை.

கீழ் வீட்டுப் பையன் மொட்டை மாடியில் பலகை அறுக்கிறவன். “ஆன்ட்டி, அடுத்த தடவை அந்தக் கண்காட்சிக்கு நான் போகலாமா?” என்று கேட்டான். சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

வீடு கட்டுகிறாய், சமையலறை போடுகிறாய் என்றால் கட்டாயம் போ. பலகையின் விளிம்பு எப்படி ஒட்டப்படுகிறது, எந்தக் கீல் எவ்வளவு கனம் தாங்கும் என்று ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம். பிறகு கடைக்காரர் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியிருக்காது. மரமும் கருவியும் ஒன்றிரண்டாக வாங்கத்தான் என்றால் போகாதே, சைடன்ஹாம்ஸ் சாலையும் லிங்கிச் செட்டித் தெருவும் இங்கேயே இருக்கின்றன. கைவேலை பழகத்தான் என்றால், பெங்களூரில் வேறு வேலை இருக்கும்போது ஒரு நாள் ஒதுக்கு. பெரிய அரங்குகளை மதியத்துக்குள் முடித்துவிட்டு, கூட்டமில்லாத ஓரத்துக் கடைகளில் நின்று பேச்சுக் கொடு. உன் உளியையும் கையோடு எடுத்துப் போ. ஒரு தடவை போதும். மறு தடவைக்கான ரயில் காசில் நல்ல தீட்டுக்கல்லாக ஒன்று வாங்கிக்கொள்.