எண்ணெய் குடித்த வெண்கலம்

எண்ணெய் விஷயத்தில் நான் ஒரு நிபுணன் என்ற எண்ணம் சென்ற மே மாதம் வரையில் எனக்கு இருந்தது. கதவுக் கீல், சைக்கிள் சங்கிலி, கிணற்றுக் கப்பி எதுவானாலும் மணவாளக்குறிச்சியில் எங்களுக்குத் தேங்காயெண்ணெய்தான் சஞ்சீவி. ஆகவே எதிர்வீட்டுத் தையற்காரப் பெண், தன் மெஷினில் பூட்டியிருந்த சின்ன மோட்டார் கீச்சிடுகிறது என்று சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை.

"நாலு சொட்டு தேங்காயெண்ணெய் விடு, மக்கா" என்றேன்.

விட்டாள். தினமும் விட்டாள். பள்ளிக்கூடம் திறக்கப் பத்தே நாள், முப்பது சீருடைகள் வெட்டினபடி கிடக்கின்றன, மோட்டார் நின்றுவிட்டது.

நானே அதைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். மெக்கானிக் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல என்ன, தாளிச்சுக் கொட்டினியளா?"

அப்புறந்தான் சங்கதி தெரிந்தது. மோட்டாரின் தண்டைத் தாங்குகிற புஷ், உருக்கி வார்த்த வெண்கலம் அல்ல. செம்புப் பொடி 90 பங்கு, வெள்ளீயப் பொடி 10 பங்கு கலந்து, அச்சில் அழுத்தி, முழுக்க உருகிவிடாத பதத்தில் சூடேற்றுகிறார்கள். பொடிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இடையே கண்ணுக்குத் தெரியாத துளைகள் தங்கிவிடுகின்றன. கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு துளைதான்! அதில் எண்ணெய் ஏற்றுகிறார்கள். எங்கள் கடற்கரையில் கையால் குழி பறித்தால் மணலிலிருந்து தண்ணீர் ஊறி வருமே, அதுபோல, தண்டு சுழன்று சூடேறினால் எண்ணெய் கசிந்து வருகிறது. நின்றால் திரும்பவும் உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் 1930-ஐ ஒட்டி இதை 'ஆயிலைட்' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். இத்தனை சாமர்த்தியத்தையும் என் தேங்காயெண்ணெய் சூட்டில் பிசினாகி அடைத்துவிட்டிருந்தது. அந்தப் பிசினில் எங்கள் ஊர்க் கருமணல் வேறு. ஆலையில் இல்மனைட்டும் சிர்க்கானும் பிரித்தெடுக்கிற அதே மணல். அதிலுள்ள கார்னெட், உப்புத்தாளில் ஒட்டுகிற சரக்கு. கேட்க வேண்டுமா!

பழி முழுவதும் என்னுடையதல்ல என்று மெக்கானிக் சொன்னது சற்று ஆறுதல். அவள் கனத்த பைத்துணியையும் அந்த மோட்டாரிலேயே, மிதியை அரைகுறையாக அழுத்தி, மெள்ள மெள்ளத் தைத்திருக்கிறாள். வேகம் இருந்தால்தான் தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்கும்.

"ஓடினாத் தேயாது அண்ணாச்சி, பாரத்தோட ஊர்ந்தாத்தான் தேயும்."

போதாததற்கு, பெல்ட் ஒரே பக்கமாக இழுத்து வட்டத் துளையை முட்டையாக்கியிருந்தது.

புதுப் புஷ்ஷை அவர் சூடான இஞ்சின் எண்ணெயில் போட்டார். சின்னச் சின்னக் குமிழிகள் புறப்பட்டு வந்தன. குமிழி அடங்கியதும் அடுப்பை அணைத்து, ஆறுகிறவரை அப்படியே விட்டார். தண்டு சற்று இறுக்கமாக இருக்கவே, உப்புத்தாளால் தேய்க்கலாமே என்று நான் வாயைத் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். தேய்த்தால் துளைகளின் வாய் அடைபட்டுப் போகுமாம்.

இருபத்திரண்டு சீருடைகள்தான் உரிய நாளில் முடிந்தன. மற்ற எட்டுப் பேரும் வெட்டின துணியை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அந்தக் கூலியை நான் கொடுக்கப் போனேன். அவள் வாங்கவில்லை. மெஷின் பக்கத்திலிருந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.