பாசி மூடிய மாலை

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளிவந்தது. பெரிய நிறுவனங்களின் துணையின்றித் தொடங்கி, பொருளின்றி இடையில் நின்று, மேற்கு வங்க அரசின் உதவியால் நிறைவுற்ற படம். விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் நாவலைத் தழுவிய இப்படத்தில் கதையென விரித்துரைக்க மிகுதியாக ஒன்றுமில்லை. ஒரு வங்கச் சிற்றூர், வறிய குடும்பம், அங்கே துர்கா என்னும் அக்காளும் அப்பு என்னும் தம்பியும். 1956-இல் கான் திரைப்பட விழா இதனைச் சிறந்த மனித ஆவணம் என்று போற்றிப் பரிசளித்தது.

பாராட்டுகளைவிட மறுப்புரைகளே என்னை இப்படத்தை மீண்டும் மீண்டும் காணத் தூண்டின. 1958-இல் இது நியூயார்க்கில் திரையிடப்பட்டபோது, 'தி நியூயார்க் டைம்ஸ்' இதழின் திறனாய்வாளர் பாஸ்லி கிரௌதர், கருப்பொருளின் உருக்கத்தை ஏற்றாலும், கட்டமைப்பு தளர்ந்தது, நடை தொய்ந்தது எனக் குறைகூறினார். அத்தொய்வு எங்குள்ளதெனத் தேடினேன். நாணற்காட்டில் அக்காளும் தம்பியும் அலைகிறார்கள். தந்திக் கம்பத்தின் ஓசையைக் கேட்கிறார்கள். நெடுநேரங்கழித்தே தொடர்வண்டி வருகிறது. விரைவையே அளவுகோலாகக் கொண்டால் இக்காட்சியில் பாதியை வெட்டிவிடலாம். ஆனால் தொடர்வண்டிக்காக ஏங்கும் சிறுவனுக்கு, அது வருவதற்கு முந்தைய பொழுதன்றோ பெரிது? (இக்காட்சிக்குரிய நாணற்பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டதால், அவை மீண்டும் பூக்கும் பருவம்வரை ராயும் காத்திருக்க நேர்ந்தது.)

மற்றொரு மறுப்பு நம் நாட்டிலேயே எழுந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், ராய் இந்தியாவின் வறுமையை அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று 1980-இல் சாடினார். இதனை எளிதில் தள்ளிவிட இயலவில்லை. நான் ஒழுகும் கூரையின்கீழ் வளர்ந்தவன். நம் இல்லாமையைப் பிறர் வேடிக்கை பார்க்கும்போது எழும் நாணத்தை அறிவேன். ஆயினும், வறுமையை விற்க நினைப்பவர் அதனை உரக்கக் கூவுவார். இப்படம் என்ன செய்கிறது?

அண்டை வீட்டு மாலையைத் திருடியதாகத் துர்காவின்மீது பழி விழுகிறது. அவள் மறுக்கிறாள், தாயிடம் அடிபடுகிறாள். பின்னர்க் காய்ச்சலில் மடிகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில், ஒளித்து வைக்கப்பட்டிருந்த அம்மாலை அப்புவின் கையில் அகப்படுகிறது. அவன் எவரிடமும் சொல்லவில்லை. ஓடிச்சென்று குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்லக் கூடி நீரை மூடுகிறது. கிரௌதர் விரும்பிய விரைவு இருந்திருந்தால், பாசி மூடும்வரை படக்கருவி அங்கே நின்றிருக்காது.