வாப்பாவின் அலுமாரியில் இருந்த ஐந்து சாறன்கள்



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டது. நேற்று ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் கேட்டா: "மாமிக்கு என்ன வாங்கிக் கொடுக்கிற? உடுப்பும் வேணாம் என்டா, நகையும் வேணாம் என்டா. எந்த நேரமும் தோட்டத்துக்குள்ளதான் நிக்கிறா." பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதே மணி அடித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் உதவலாம்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

என் வாப்பாவுக்குத் தோட்டம் என்றால் உயிர். கடற்கரை மணல், 10 பேர்ச் வளவு. அதற்குள் முருங்கை, தேசி, கொச்சி, கத்தரி, பயிற்றை, கிணற்றடியில் ரம்பை, வேலியோரம் மருதோன்றி. சுபஹு தொழுதுவிட்டு வந்தால் வெயில் ஏறும் வரை மண்ணோடுதான் இருப்பார். 2021இல் உரத் தடை வந்து, அடுத்த வருடம் காஸுக்கும் பெட்ரோலுக்கும் நாம் வரிசையில் நின்றோமே, அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளின் சட்டிக்கு அந்த வளவிலிருந்துதான் கீரையும் முருங்கைக்காயும் போனது.

அப்படிப்பட்ட மனிசனுக்கு நான் பெருநாளுக்குப் பெருநாள் சாறன் வாங்கிக் கொடுத்தேன். கடைக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அது. "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சாறன் புள்ள" என்று வாங்கி வைப்பார்.

வாப்பா மவுத்தாகி, உம்மாவின் இத்தா முடிந்த பிறகு அலுமாரியைத் திறந்தோம். லேபிள் கழற்றாத ஐந்து சாறன்கள். ஐந்தும் நான் கொடுத்தவை. அன்று பின்னேரம் பின்பக்கக் கொட்டிலைத் துப்புரவாக்கப் போனேன். அவருடைய மண்வெட்டி சுவரில் சாய்ந்து கிடந்தது. பிடி நீளத்துக்கு வெடித்து, சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார். எத்தனை வருடம் அந்தப் பிடியைப் பிடித்து வெட்டினாரோ தெரியாது. ஒரு பிடி என்ன பெரிய விலையா? ஒரு சாறன் காசுக்கு இரண்டு மூன்று வாங்கலாம். ஒரு நாளாவது கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தோட்டக்காரர்களைக் கவனிக்கத் தொடங்கினேன். படித்ததைச் சொல்கிறேன்.

கடைக்குப் போகுமுன் அவர்களின் தோட்டத்துக்குப் போங்கள். எது உடைந்திருக்கிறது, எதைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள், எந்த வாளி ஒழுகுகிறது என்று பாருங்கள். பரிசு அங்கேயே இருக்கும். கிளை நறுக்க வீட்டுக் கத்தியைப் பாவிப்பவருக்கு நல்லதொரு தோட்டக் கத்தரி கொடுத்தால் காலத்துக்கும் நினைப்பார். முழங்கால் நோவுள்ளவருக்குப் பூவாளி கொடுத்தால் அது பாரம். கிணற்றடியிலிருந்து கடைசிப் பாத்தி வரை எட்டுகிற ஹோஸ் பைப் கொடுங்கள். நீளத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

காலத்தைப் பாருங்கள். பெருநாள் வருடா வருடம் சுமார் 11 நாட்கள் முந்தி வரும். இப்போது ஹஜ்ஜுப் பெருநாள் மே, ஜூன் மாதங்களில் வருகிறது. நம் பக்கம் அது கச்சான் காற்று வீசும் காலம். அழகான கன்றொன்றை வாங்கிக் கொடுத்து, அவர் அன்றே மணலில் நட்டால், பாவம், கருகிப் போகும். கன்றுதான் கொடுக்க ஆசை என்றால் பையோடு நிழலில் வைத்திருந்து, ஒக்டோபரில் மழை விழுந்ததும் நடச் சொல்லுங்கள். இடத்தையும் பாருங்கள். 6 பேர்ச் வளவுக்குப் பலாக் கன்று கொடுத்தால் நாளைக்குப் பக்கத்து வீட்டோடு சண்டைதான். தேசியோ மாதுளையோ போதும்.

விதை கொடுப்பதென்றால் பைக்கற்றில் உள்ள திகதியைப் பாருங்கள். விதை எடுத்து வைத்துத் திரும்பப் போடுகிற பழக்கம் உள்ளவருக்குக் கலப்பின விதை வேண்டாம். அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல் வராது. விவசாயத் திணைக்களத்தின் 'திருநெல்வேலி ஊதா' கத்தரி, 'திலின' தக்காளி போன்றவை அவர்களுக்குப் பிடிக்கும்.

எருவைப் பரிசாகக் கொடுக்க வெட்கப்படாதீர்கள். நம் மணலுக்கு எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் நிற்காது. எருவும் தும்புத்தூளும்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு உரப்பை, தோட்டக்காரருக்குப் பெருநாள் புதையல். பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் வேர் கருகும். குர்பான் மாடு கட்டிய இடத்துச் சாணத்தைக் கானுக்குள் தள்ளாமல் சேர்த்து வைத்தால், மழைக்காலத்துக்கு எருவாகும். தெருவும் சுத்தம்.

காசில்லாவிட்டாலும் கொடுக்கலாம். போன பெருநாளுக்கு என் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் கொப்பித் தாளில் மடித்து ஒரு பொட்டலம் தந்தான். உள்ளே வெண்டி விதை. மேலே அவன் கையெழுத்தில், "மூத்தம்மா வீட்டு வெண்டி. ஒரு சாண் நீளம் வரும் டீச்சர்." சொன்னபடியே வந்தது. வயசானவர்களுக்கு அரை நாள் உடம்பால் உழைத்துக் கொடுப்பதும் அப்படித்தான்: குழி வெட்டுவது, பந்தல் போடுவது, வேலி அடைப்பது. இளைஞர்களே, இது உங்களுக்கு.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்ற ஹதீஸ் நமக்கெல்லாம் தெரியும். வாப்பாவின் முருங்கையில் இன்றும் ஒழுங்கைப் பிள்ளைகள் காய் ஆய்கிறார்கள். நட்டவருக்கு உதவியவருக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும் என்று நான் ஆசை வைக்கிறேன்.

சாறன்களில் நாலைத் தேவையானவர்களுக்குக் கொடுத்தோம். ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. தோட்டத்தை இப்போது உம்மா பார்க்கிறா. போன கிழமை அந்த மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் தூக்கிப் பார்த்தா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டா:

"அந்த டியூப்ப எறிஞ்சிராத புள்ள. பயிற்றம் பந்தல் கட்ட உதவும்."

உங்கள் வீட்டுத் தோட்டக்காரருக்கு இம்முறை என்ன கொடுக்கப் போகிறீர்கள்? கீழே எழுதுங்கள். நல்ல மாட்டெரு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள், பலருக்கு உதவும்.

அனைவருக்கும் முற்கூட்டிய ஈத் முபாரக். என் வாப்பாவுக்காகவும் ஒரு துஆ செய்துகொள்ளுங்கள்.