ஒரு வார வீட்டுப்பாடம்



வெளிநாட்டில் உழைத்துப் பொருள் ஈட்டி, பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்த்து, கட்டணத்தையும் தவறாது செலுத்திவிட்டால், தந்தையின் கடமை நிறைவேறிவிட்டது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பதினோரு ஆண்டுகளாகச் சவூதி அரேபியாவில் பணிபுரியும் நான் சென்ற விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது, ஏழாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகனின் கணக்குத் தேர்வுத் தாளை என் மனைவி என் முன்னே கொண்டுவந்து வைத்தார். நூற்றுக்கு 29 மதிப்பெண்.

"ஒரு வாரம் அவனோடு உட்காருங்கள். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை" என்றார்.

திங்கட்கிழமை மஃரிபுத் தொழுகை முடிந்ததும் பாயை விரித்து அமர்ந்தோம். கணக்கில் முழுக்கள் பாடம். குறை ஏழுடன் குறை ஐந்தைக் கூட்ட வேண்டும். மகன் கூட்டல் பன்னிரண்டு என்று எழுதினான். "இரண்டு குறை சேர்ந்தால் கூட்டல் என்று சார் சொன்னார்" என்றான். பெருக்கலுக்கு உரிய விதியைக் கூட்டலுக்குப் பொருத்தியிருக்கிறான். அதை எடுத்துச் சொல்லும் பொறுமை எனக்கு இருக்கவில்லை. கத்தினேன். கையையும் ஓங்கிவிட்டேன். அவன் அழவில்லை, நோட்டைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான். அடுக்களையிலிருந்து என் மனைவி, "கத்துவது எனக்கும் தெரியும். அதற்காகவா உங்களை உட்காரச் சொன்னேன்?" என்றார். வெட்கித் தலை குனிந்தேன்.

சிறிது நேரம் கழித்து அவனிடம் கேட்டேன்: "அத்தா ஒருவரிடம் ஏழாயிரம் ரூபாய் கடன் வாங்கினேன். இன்னொருவரிடம் ஐந்தாயிரம் வாங்கினேன். இப்போது என் கையில் என்ன இருக்கிறது?" அவன் தயங்காமல், "பன்னிரண்டாயிரம் கடன்" என்றான். "அதுதான் குறை பன்னிரண்டு" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அடுத்த ஐந்து கணக்குகளையும் தானே போட்டான். பின்னர் மெல்லக் கேட்டான்: "கடன் எல்லாம் தீர்ந்து சைபர் ஆனால், நீங்கள் திரும்பிப் போக வேண்டாமா அத்தா?" அந்தக் கணக்கிற்கு என்னிடம் விடை இல்லை.

செவ்வாயன்று அறிவியல்: அமிலமும் காரமும். வரையறைகளை மனப்பாடமாக ஒப்புவித்தான்; பொருள் தெரியவில்லை. அடுக்களையில் மஞ்சள் தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்தோம். சோப்பு நீர் பட்டதும் மஞ்சள் சிவந்தது. சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் மீண்டும் மஞ்சளாகியது. "துணியில் பட்ட குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவப்பது இதனால்தானா?" என்று என் மனைவியும் வந்து அமர்ந்துகொண்டார்.

புதன்கிழமை புவியியல். தீர்க்கக் கோடுகளை நான் விளக்கத் தொடங்கினேன். அவன் என்னை இடைமறித்து, தானே சொன்னான்: "பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். நம் நேரம் 82½ பாகைக் கோட்டுக்கு. உங்கள் ஊர் நேரம் 45 பாகைக்கு. வித்தியாசம் 37½ பாகை. நாலால் பெருக்கினால் 150 நிமிடம். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் அங்கே ஆறரை. நீங்கள் வேலை முடித்துப் போன் செய்யும் நேரம்." இந்தப் பாடத்தை யார் அவனுக்குக் கற்பித்தது? என் பிரிவுதான் கற்பித்திருந்தது.

வியாழனன்று வரலாறு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். ஆண்டுகள் 919, 921. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறை. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது என்ற விதியை மகன் உரக்கப் படித்தபோது, அவன் என்னைப் பார்க்கவில்லை. எனினும் எனக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை தமிழ். கட்டுரை நோட்டைப் புரட்டினேன். 'என் தந்தை' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. 'என் தந்தை தினமும் மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து வீடு திரும்புவார். எனக்குப் பாடம் சொல்லித் தருவார். விடுமுறை நாட்களில் பூங்காவிற்கு அழைத்துச் செல்வார்.' கீழே சிவப்பு மையில் 'நன்று' என்று இருந்தது. "இது யாருடைய அத்தா?" என்று கேட்டேன். "உரைநூலில் இருந்தது. அப்படியே எழுதினால்தான் மார்க் கிடைக்கும்" என்றான்.

சகோதரர்களே! அந்த நோட்டை மூடிவைக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று. பணம் அனுப்பிய ரசீதுகள் அனைத்தும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், பிள்ளையின் நோட்டில் இருந்த தந்தை நானல்லவே!

சனிக்கிழமை அவனை அருகில் அழைத்து, "மார்க்குக்காக வேண்டாம், எனக்காக ஒருமுறை நீயே எழுது" என்றேன். எட்டே வரிகள் எழுதினான். மூன்று எழுத்துப் பிழைகள். 'என் அத்தா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவர் கத்தினார். பிறகு கடனை வைத்துக் கணக்குச் சொல்லித் தந்தார். இப்போது எனக்குப் புரிகிறது' என்று அதில் இருந்தது. பிழைகளைத் திருத்தாமலேயே அந்தத் தாளை வாங்கி என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து நான் மீண்டும் பணிக்குத் திரும்பிவிட்டேன். கடன் இன்னும் சைபர் ஆகவில்லை. ஆயினும் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் தொலைபேசியில் "நன்றாகப் படிக்கிறாயா?" என்று கேட்பேன், "ம்" என்பான், அத்தோடு முடிந்துவிடும். இப்போது "இன்று என்ன வீட்டுப்பாடம்?" என்று கேட்கிறேன். இன்று அலைபேசியில் முகம் பார்த்தே பேச முடிகிறதல்லவா? நோட்டைத் திருப்பிக் காட்டுகிறான். இருபது நிமிடம் போதுமானதாக இருக்கிறது. அடுத்த தேர்வில் கணக்கில் 54 வாங்கினான். பெரிய மதிப்பெண் அன்று. ஆனால் அவனே போட்ட கணக்குகளுக்கு வந்தது.

தொலைவில் இருக்கும் தந்தையரே! உள்ளூரிலேயே இருந்தும் கடையடைத்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் தந்தையரே! உங்கள் பிள்ளைகள் இந்த வாரம் என்ன படிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? இன்றிரவே கேட்டுப் பாருங்கள். கட்டுரை நோட்டையும் ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள்.