ஏவன் கரையில் ஒரு பிரபுவின் கைவண்ணம்

ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டு நகரில், ஏவன் நதிக்கரைப் பூங்காவிலே ஒரு சிற்பத்தின் முன் நாம் வெகுநேரம் நின்றோம். உயர்ந்த பீடத்தின்மேல் கவி வீற்றிருக்கிறார். கீழே அவர் படைத்த நால்வர்: மண்டையோட்டுடன் சிந்தனையில் ஆழ்ந்த ஹாம்லெட், கைகளைப் பிசையும் லேடி மாக்பெத், களித்துச் சிரிக்கும் பால்ஸ்டாப், கிரீடம் ஏந்திய இளவரசன் ஹால்.

இதை வடித்தவர் சிற்பத் தொழிலால் பிழைத்தவரல்லர். ஸதர்லாந்து டியூக்கின் கடைசிப் புதல்வரான லார்டு ரொனால்டு கோவர் (1845–1916). 1867 முதல் 1874 வரை ஸதர்லாந்து தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினராக இருந்தார். பிறகு அரசியலை விடுத்துச் சிற்பக் கலையில் ஈடுபட்டார். பல்லாண்டு உழைத்து முடித்த இச்சிலையை 1888-ல் ஊராருக்கே வழங்கிவிட்டார். முதலில் நாடக சாலையருகே நின்ற இது, 1933-ல் இவ்விடம் வந்தது.

அந்த வம்சத்தாருக்கு வேறொரு சிலையும் உண்டு. வடக்கே ஸ்காட்லாந்தில், கோல்ஸ்பி ஊரின் மேலுள்ள குன்றில், ரொனால்டின் பாட்டனாரான முதல் டியூக் ஓங்கி நிற்கிறார். அவர் நாளில் ஆட்டு மந்தைகளுக்கு இடம் தேடி ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வீடு வாசலிழந்து வெளியேற்றப்பட்டார்கள். அச்சிலையை அகற்றவேண்டுமென்று சொல்வோர் அங்கே இன்றும் உண்டு.

பேரனோ கவிக்கே பீடம் அமைத்தார். முதுமையில் ஒரு மோசடியால் செல்வத்தையும் இழந்தார். ஆயினும் ஏவன் கரையில் அவர் சிலையை அகற்றச் சொல்வார் ஒருவரையும் நாம் காணவில்லை.